ஊர் வரலாறு எழுத ஆவணங்களை எங்கே தேடுவது? வீட்டுப் பெட்டியில் இருப்பதை எப்படிக் காப்பது?

கேட்ட நண்பரின் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்கராக, இருந்தவர். அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் ஓலைக் கட்டுகள், முத்திரைத்தாள் பத்திரங்கள், கணக்கு நோட்டுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றனவாம். ஊரின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுத நினைக்கிறார். "எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எங்கள் ஊரைப் பற்றிய எல்லாமே கிடைத்துவிடுமா? பெட்டியில் இருப்பதை என்ன செய்வது? ஊரிலேயே சின்னதாக ஒரு காப்பகம் வைக்கலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: கிடைக்காது. எந்தக் காப்பகத்திலும் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டிய கட்டு ஒன்று காத்துக்கொண்டிருக்காது. காப்பகங்கள் ஆவணங்களை ஊர்வாரியாக அடுக்குவதில்லை. எந்த அலுவலகம் அந்தத் தாளை எழுதியதோ, அந்த அலுவலகத்தின் பெயரில், அது எழுதப்பட்ட வரிசையில்தான் அடுக்குகின்றன. வருவாய் வாரியம் எழுதியது வருவாய் வாரிய வரிசையில் இருக்கும், நீதிமன்றம் எழுதியது நீதிமன்ற வரிசையில் இருக்கும். ஆகவே காப்பகத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் காலத்தில் ஊரை யார் ஆண்டார்கள், வரியை யார் வாங்கினார்கள், அப்போது அது எந்தத் தாலுகாவில் இருந்தது, எந்தக் கோயிலுக்கோ சத்திரத்துக்கோ மானியமாக இருந்ததா. இந்த ஒரு தாள் இல்லாமல் போனால் நாள்கணக்கில் அட்டவணைகளைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. இது போன்ற கோயில்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்த மைப்படிகள் பல காலம் ஊட்டியில் இருந்து, 1966ல் மைசூருக்குப் போயின. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ல் உத்தரவிட்டது. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வெளிவருகின்றன. அவற்றில் கல்வெட்டுகள் தாலுகா, ஊர் வாரியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், உங்கள் ஊர்ப் பெயரை நேரடியாகத் தேடிப் பார்க்கக்கூடிய அபூர்வமான இடங்களில் அது ஒன்று. அங்கிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம் 1620. தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் பொன்னோலையில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை மட்டும் அவர்களிடம் இருந்ததில்லை. பொறையாறு, தில்லையாடி, ஒழுகைமங்கலம் போன்ற சுற்றுவட்டக் கிராமங்களும் காலப்போக்கில் அவர்கள் வசம் வந்தன. ஆகவே உங்கள் ஊர் அந்த வட்டத்துக்குள் இருந்திருந்தால், 1845க்கு முந்தைய வரிக் கணக்கும் வழக்கு விவரமும் தேட வேண்டிய இடம் சென்னை மட்டும் அல்ல, கோபன்ஹேகனும்தான். தமிழர்களின் வழக்குகளை விசாரிக்க அங்கே தனி நீதிமன்றமே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவுகளுக்கு இடையே நடந்த தகராறுகளை ஆராய்ச்சியாளர்கள் எழுத முடிந்ததற்குக் காரணமே இந்த டேனிஷ் ஆவணங்கள்தான்.

1706ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்த பிறகு மிஷன் ஆவணங்களும் சேர்கின்றன. அவை ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே அறக்கட்டளையில் உள்ளன. 1712க்கும் 1714க்கும் இடையில் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. சாமி, கல்யாணம், விவசாயம், சாதி என்று மிஷனரிகள் கேட்டவற்றுக்கெல்லாம் அதில் பதில் சொல்லியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நம் ஊர்ச் சாதாரண மனிதர்களின் பேச்சு நமக்கு வேறு எங்கே கிடைக்கிறது?

டேனிஷ் எல்லைக்கு ஒரு கல் தள்ளி உங்கள் ஊர் இருந்திருந்தால் கதையே வேறு. அது தஞ்சை மராட்டியர் நிலம். 1799ல் இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தைக் கும்பினியிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், ஒப்படைத்தார். ஆனாலும் அரண்மனையும் அதன் சத்திரங்களும் 1855 வரை தங்கள் கணக்குகளை மோடி என்ற மராத்திக் கையெழுத்து வடிவில் எழுதிக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி 1989ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஊர் ஏதாவது அரண்மனைச் சத்திரத்துக்கு மானியமாக விடப்பட்டிருந்தால் அந்தத் தொகுதிகளை அவசியம் புரட்டுங்கள். பக்கத்திலேயே காரைக்கால் வேறு இருக்கிறது, 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில்.

1845ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதன் பிறகு எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. 1991ல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. மாவட்டம் பிரியும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் லாரி ஏறுகின்றன. எது எங்கே போனது என்பது அலுவலகத்தில் பழைய ஆட்களுக்கு மட்டுமே தெரியும். நீங்கள் தேடும் 1930ஆம் ஆண்டுக் கோப்பு மயிலாடுதுறையில் இல்லை என்றால் நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் கேளுங்கள். தேடும்போது மாயவரம், மாயூரம் என்ற பழைய பெயர்களிலும் தேடுங்கள்.

சரி, எழும்பூர். 1909ல் கட்டிய சிவப்புக் கட்டடம். சென்னை ஆவண அலுவலகம் என்று இருந்தது 1973ல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆனது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் 1670களின் நாட்குறிப்புகளிலிருந்து தொடங்கி அரசாணைகள்வரை அங்கே இருக்கின்றன. ஊர் வரலாற்றுக்கு அதில் உங்களுக்கு உண்மையில் பயன்படுவது மூன்று. 1786 முதல் 1980 வரை இருந்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகள் ஒன்று. மாவட்ட ஆட்சியர்களின் பழைய கடிதப் போக்குவரத்து அடுத்தது. 1835 வரையிலான மாவட்ட ஆவணங்களுக்கு மாவட்டம்தோறும் வழிகாட்டி நூல்களே அச்சிட்டிருக்கிறார்கள், தஞ்சாவூருக்கும் உண்டு. மூன்றாவது, நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, இனாம் பதிவேடு.

இனாம் பதிவேட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1858ல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவிக்கப்பட்ட நிலங்களையெல்லாம் 1860களில் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். ஒவ்வொரு மானியத்துக்கும் யார் கொடுத்தது, எப்போது, எதற்காக, முதலில் யாருக்கு, இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு வயது என்ன, என்ன சான்று காட்டினார் என்று கட்டம் கட்டமாக எழுதினார்கள். கோயிலில் நாகஸ்வரம் வாசித்தவர், விளக்கு ஏற்றியவர், பூக்கட்டியவர், தண்ணீர்ப் பந்தல் நடத்தியவர், சத்திரத்தில் சமைத்தவர் என்று ஊரின் அன்றாடமே அதில் பெயரோடும் பரப்போடும் எழுந்து நிற்கிறது. சான்றாகக் காட்டப்பட்ட செப்பேடும் ஓலையும் பிறகு தொலைந்திருக்கலாம். ஆனால் அதை ஒரு அதிகாரி பார்த்தார், இன்ன வாசகம் இருந்தது என்ற குறிப்பு பதிவேட்டில் நிற்கும்.

அதற்கு அடுத்தது நில அளவை. தஞ்சாவூர் மாவட்டத்தில் பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு போய், சர்வே எண்ணோடு கூடிய செட்டில்மென்ட் என்ற நிலவரி நிர்ணயம் 1890களில்தான் வந்தது. செட்டில்மென்ட் பதிவேட்டில் பழைய பைமாஷ் எண், புதிய சர்வே எண், பட்டாதாரர் பெயர், நிலவகை எல்லாம் இருக்கும். அதில் பெரும்பாலோர் பட்டாதாரர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் புறம்போக்கு வரிகளைப் பாருங்கள். குளம், வாய்க்கால், மந்தை, களம், தோப்பு, நத்தம், எந்தச் சாதிக்கு எந்தச் சுடுகாடு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இன்று பேருந்து நிலையம் நிற்கும் இடம் அன்று குளம் என்பதற்கு அந்த ஒரு வரியே போதும். ஜமீன் கிராமங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை அங்கே கணக்கு ஜமீன் கச்சேரியில்தான் இருந்தது, அரசாங்க சர்வே பல ஊர்களுக்கு அதன் பிறகே வந்தது.

எழும்பூரில் கேட்ட தொகுதி தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அப்போது மனம் தளர வேண்டாம். சென்னை அரசின் நடவடிக்கைத் தொகுதிகளுக்குப் படி எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் கும்பினிக் காலத்திலிருந்தே இருந்தது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் உள்ளன.

இப்போது கசப்பான ஒரு விஷயம். உள்ளூர் ஆவணங்களைக் கரையான்தான் அழித்தது, வெள்ளம்தான் அழித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதிகம் அழித்தது அலுவலக விதி. தாலுகா, மாவட்ட அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்ததும் அது ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று ஏதாவது ஒரு வகையில் போடப்படும். காலம் முடிந்தால் கழித்துவிடுவார்கள். அரசுக்குச் சட்டப்படி எது தேவை என்பதை வைத்துத்தான் அந்த வகைப்பாடு. ஊரின் நினைவுக்கு எது தேவை என்று யாரும் பார்ப்பதில்லை. பாதைக்காகச் சேரி மக்கள் போட்ட மனு, குளத்தில் தண்ணீர் எடுக்கத் தடுத்ததற்கான புகார், பள்ளிக்கூடத்துக்குக் கீற்று மாற்றக் கேட்ட கடிதம் இவையெல்லாம் பெரும்பாலும் குறுகிய கால வகையிலேயே விழும். எந்தத் தவறும் நடக்காமல், முறைப்படியே, ஒரு தலைமுறையின் குரல் பழைய பேப்பர் எடைக்குப் போய்விடுகிறது. இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். கோப்புகளைக் கழிப்பதற்கு முன் உள்ளூர்க் கல்லூரி வரலாற்றுத் துறை ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டினால்கூட நிலைமை மாறும்.

உங்கள் தாத்தாவின் பெட்டிக்கு மதிப்பு வருவது இதனால்தான். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நடப்புக் கணக்குகள் கைமாறின. பழையவை பல வீடுகளின் பரண்களிலேயே தங்கிவிட்டன. அரசு அலுவலகத்தில் இல்லாத ஒரு வரிசை உங்கள் பெட்டியில் மட்டும் இருக்க வாய்ப்புண்டு.

ஆகவே அதைத் திறந்து உடனே "ஒழுங்குபடுத்த" இறங்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஓலையைத் தனியாக, பத்திரத்தைத் தனியாக, கடிதத்தைத் தனியாகப் பிரித்து அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், பொருள் போய்விடும். ஒரு விற்பனைப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு கடன் சீட்டும் ஒரு கல்யாணச் செலவுக் கணக்கும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால், அந்த நிலம் ஏன் விற்கப்பட்டது என்பதை அந்தக் கயிறுதான் சொல்கிறது. கயிற்றை அவிழ்த்து மூன்றையும் மூன்று கோப்பில் போட்டால் அந்தச் செய்தியைத் திரும்ப உண்டாக்க எந்த நிபுணராலும் முடியாது. காப்பகங்கள் அலுவலக வரிசையைக் கலைக்காமல் வைத்திருப்பதற்கும் இதே காரணம்தான். தேடுகிறவருக்கு அது தொல்லையாகத் தெரிந்தாலும், ஒரு தாளை யார், யாருக்கு, எதன் தொடர்ச்சியாக எழுதினார் என்பதை அந்த வரிசைதான் காப்பாற்றித் தருகிறது.

செய்ய வேண்டியது இது. பெட்டியைத் திறந்த நிலையில் அப்படியே ஒரு படம் எடுங்கள். மேலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து, அவிழ்க்காமல், எண் எழுதிய துண்டுச் சீட்டை வைத்து இன்னொரு படம். ஆவணத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டாம். சீட்டிலும் பென்சிலால் எழுதுவது நல்லது. ஒரு நோட்டில் கட்டு எண், எந்தப் பெட்டி, பெட்டியின் எந்த அடுக்கு, யார் வைத்திருந்தது என்று எழுதுங்கள். கிராமக் கணக்குகளையும் குடும்பப் பத்திரங்களையும் நோட்டில் வேறுபடுத்திக் குறித்தால் போதும், கையால் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பத்திரம் எந்த வழக்கில் தேவைப்பட்டது என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கும்.

காகிதத்தைப் பற்றி: செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு துருவும் பிசுக்கும் ஆகும். பொறுமையாகக் கழற்றிவிட்டு, இவை சேர்ந்திருந்தவை என்று நோட்டில் குறியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கைக்காகிதம் 1940களின் காகிதத்தைவிட உறுதியாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பழையது கந்தலிலும் நாரிலும் செய்தது, பின்னது அமிலம் மிகுந்த மரக்கூழ். ஆகவே முதலில் படமெடுக்க வேண்டியது பழையதை அல்ல, நொறுங்கத் தொடங்கியதை.

ஓலையை விரித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். காய்ந்து முறியும் ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லத் தடவி நெகிழ்வு கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அதை எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டுமே செய்யலாம், மையால் எழுதியதற்கு ஆகாது, அதையும் பழகிய கை செய்வது நல்லது. எழுத்து தெரியவில்லை என்றால் உடனே கரி பூச வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் படமெடுத்தால் கீறல்கள் நிழலோடு தெரியும். பெரும்பாலான சமயம் அதுவே போதும்.

கடற்கரை ஊர், உப்புக் காற்று, புழுக்கம். பாலித்தீன் பையில் இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்துக் காய வைத்த காடாத் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல், தரையிலிருந்து உயரத்தில் இரும்பு அலமாரியில் வையுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் முன்னோர் வைத்தவை, நீங்களும் வைக்கலாம். சிறு துணி முடிச்சாகக் கட்டித் தனியே வையுங்கள், தாளுக்கு நடுவில் தூவ வேண்டாம். அவர்கள் முறையில் மிகப் பெரிய பலன் தந்தது சரஸ்வதி பூஜைக்கு ஆண்டுதோறும் ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டியதுதான் என்பது என் கருத்து. பூச்சி இருட்டையும் அசைவின்மையையும் விரும்புகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், திறந்து பாருங்கள். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். வெயிலில் காய வைக்காமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

படம் எடுக்க நல்ல கைபேசியே போதும். ஜன்னல் ஓரத்து நிழல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா தாளுக்கு நேர் மேலே. ஓரத்தில் ஓர் அளவுகோல். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவரின் முத்திரையும் தேதியும் பல சமயம் அங்கேதான் இருக்கும். கோப்புப் பெயரில் கட்டு எண்ணும் தாள் எண்ணும் வர வேண்டும். மூன்று பிரதி வைத்து அதில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை போனது போனதுதான். 2005ல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக மின்வடிவில் சேர்த்துவருவதற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது.

படித்துத் தேதி கண்டுபிடிக்கச் சில கைக்குறிப்புகள். வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1ல் தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. ஓலையில் வெறுமனே "ரௌத்திரி வருஷம்" என்று இருந்தால் அது 1800, 1860, 1920 எதுவாகவும் இருக்கலாம். ஓலையில் வரும் ஆட்களின் பெயரைத் தேதியுள்ள பத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலை இருந்தால் பெரும்பாலும் 1901க்கு முன், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்குப் பின். ஓலையில் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்று போலவே இருக்கும். துணைக்காலும் ரகரமும் குழப்பும். நிலப் பரப்பு வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கும்: ஒரு வேலிக்கு இருபது மா, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

கர்ணத்தின் பெட்டியை மட்டும் வைத்து ஊர் வரலாறு எழுதினால் அது நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறாகத்தான் இருக்கும். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. உழுதவர்கள் அந்தக் கணக்கில் பெயராக அல்ல, "பண்ணையாள் இத்தனை" என்று எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். அவர்கள் பெயரோடு வரும் இடங்கள் வேறு. தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நீதிமன்றச் சாட்சி வாக்குமூலம், அப்புறம் கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அந்தப் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பெயரோடு தில்லையாடி சேர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள், உங்கள் பகுதிக்கும் அந்தக் கரைக்கும் உறவு எவ்வளவு நெருக்கம் என்பது தெரியும். மொரீஷியசுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன, பலருக்குப் புகைப்படத்தோடு. உள்ளூரில் ஒரு வரியும் எழுதப்படாத ஒரு குடும்பத்தின் மூதாதை அங்கே முகத்தோடு கிடைக்கலாம். எழுத்தே இல்லாதவர்களுக்கு ஊரில் இருக்கும் கிழவர் கிழவிகளின் நினைவுதான் ஆவணம். அதைப் பதிவு செய்வதைப் பெட்டி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஊரில் காப்பகம் வைப்பது பற்றி என் கருத்து வெளிப்படையானது: கட்டடத்தில் தொடங்க வேண்டாம். அறையும் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் முதலில் வந்த முயற்சிகள், ஆர்வலர் ஒருவர் வெளியூர் போனதும் பூட்டிக் கிடக்கும். ஒரு பதிவேட்டில் தொடங்குங்கள். ஊரில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும். மூலம் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும், படியும் விவரமும் பொதுவில் சேரட்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஓலைகளையும் தாள்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு இந்த வழியில்தான் படமெடுத்தது. 2004ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் விதியே மூலம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பதுதான். மக்களும் அப்படி என்றால்தான் நம்பிக் கொடுப்பார்கள். தங்கள் நிலப் பத்திரத்தை ஒரு பொது அறையில் விட்டுவிட்டு வர எந்தக் குடும்பமும் சம்மதிக்காது, அதில் தப்பும் இல்லை.

பஞ்சாயத்துத் தீர்ப்புகளிலும் கடன் சீட்டுகளிலும் யார் யாரை வைத்திருந்தார், யார் யாருக்கு அடிமையாக எழுதிக்கொடுத்தார் என்பதெல்லாம் பெயரோடு வரும். பேரன் பேத்திகள் அதே தெருவில் வாழ்கிறார்கள். எல்லாவற்றையும் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை. எதை எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்பதை அந்தக் குடும்பங்களோடு, குறிப்பாகப் பாதிக்கப்பட்ட பக்கத்துக் குடும்பங்களோடு, உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள்.

வீட்டில் வைத்துக் காக்க முடியாது என்ற நிலை வந்தால் மூலத்தையே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கும் அரிய கையெழுத்துச் சுவடிக்கும் தனித் துறைகள் இருக்கின்றன. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் சென்னை கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. அச்சு நூல், பத்திரிகை, துண்டு நோட்டீஸ் என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த தொகுப்பு அது. 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனாலும் தொகுப்பு சிதறாமல், கடல் தாண்டாமல் தமிழ்நாட்டிலேயே இருந்து 1994ல் பொது நூலகமாயிற்று. எங்கே கொடுத்தாலும் வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் கட்டு எண் பட்டியலின் படியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து, தொகுப்பைப் பிரிக்காமல் ஒரே பெயரில் வைப்போம் என்ற வரி, முழு மின்படி ஒன்று உங்களுக்கும் ஊர் நூலகத்துக்கும் தருவோம் என்ற வரி, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய சாமான் வியாபாரி ஓலைக்கு நல்ல விலை சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகள் 75 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.